கண்ணாடியில் பார்க்கும் வீடியோவில் எழுத்து ஏன் இடவலம் மாறித் தெரிகிறது?

மானிட்டரை முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்க்கிறீர்கள். கேமரா ஏற்கெனவே படத்தை இடவலமாகப் புரட்டி அனுப்புவதால் படம் நேராகத் தெரிகிறது. அதற்குப் பிறகு நீங்கள் சேர்க்கும் எழுத்து மட்டும் மாறிவிடுகிறது. ஆக, எழுத்தையும் புரட்டியே போட வேண்டும். அனலாக் வீடியோ என்றால், படத்தின்மேல் எழுத்தைப் பதிக்கும் மேக்ஸ்7456 (MAX7456) சிப் போதும். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வெறும் சிப் வேண்டாம், ட்ரோனுக்கான ஓஎஸ்டி (படத்தின்மேல் எழுத்து காட்டும்) போர்டாகக் கேளுங்கள். 27 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலோடு வரும்.

பால் (PAL) வீடியோ முறையில் 30 பத்தி, 16 வரி. பத்திகளை 0 முதல் எண்ணி, x-ஆம் பத்தியில் வரவேண்டியதை 29−x-இல் எழுதுங்கள். இது எளிது. சறுக்குவது எழுத்துருவில்தான்: ஒவ்வோர் எழுத்தும் 12×18 புள்ளி, புள்ளிக்கு 2 பிட், அதாவது வரிக்கு 3 பைட். பைட்டுகளின் வரிசையையும், அவற்றுக்குள் இரண்டிரண்டு பிட்டாக ஜோடிகளின் வரிசையையும் திருப்புங்கள். பிட் பிட்டாகத் திருப்பினால் வெள்ளைக்கான 10, ஒளிபுகும் 01 ஆகிவிடும். பின்னணியில் உள்ள ஒளிபுகும் 01, வெள்ளை 10 ஆகிவிடும். எழுத்து மறைந்து, கறுப்பு ஓரத்தைச் சுற்றி வெள்ளைக் கட்டம்தான் தெரியும். (பலர் இதைப் பார்த்துவிட்டுச் சிப் போச்சு என்று முடிவுகட்டுகிறார்கள்.)

எழுத்துருவை ஏற்றும்போது ஓஎஸ்டி காட்சியை அணைத்து வையுங்கள். ஒருமுறை ஏற்றினால் மின்சாரம் போனாலும் அழியாது.

படம் வெளிறினாலோ மங்கினாலோ வீடியோ கேபிளின் முனையில் இருக்க வேண்டிய 75 ஓம் முடிவுத்தடையைப் பாருங்கள்: இல்லாவிட்டால் வெளிறும், இரண்டு இருந்தால் மங்கும்.