வாசகர் கேள்வி-பதில்: பாரிஸ் பாராலிம்பிக்கில் இந்தியா

கேள்வி: 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நமக்கு 6 பதக்கம், 71-ஆவது இடம். அதே ஊரில் நடந்த பாராலிம்பிக்கில் 29 பதக்கம், 18-ஆவது இடம். அங்கே போட்டி அவ்வளவு சுலபமா?
– வாசகர், திருப்பூர்

சுலபம் என்று சொல்பவரிடம் சுமித் அன்டிலின் கணக்கைக் காட்டுங்கள். இடது காலில் முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால் பொருத்தியவர். ஈட்டியை எறிந்த தூரம் 70.59 மீட்டர். எடை குறைந்த ஈட்டியும் அல்ல, நீரஜ் சோப்ரா கையில் இருப்பதைப் போன்ற 800 கிராம் ஈட்டிதான்.

பாராலிம்பிக்கில் வாய்ப்பு அதிகம் என்பது உண்மை. ஒலிம்பிக்கில் மொத்தம் 329 போட்டிகள், இங்கே 549. ஊனத்தின் தன்மைக்கேற்ப ஒரே ஈட்டி எறிதல் பல பிரிவுகளாக நடப்பதால் வரும் கூடுதல் இது. ஆனால் அந்தக் கூடுதல் எல்லா நாட்டுக்கும் பொதுதானே? சீனா 220 பதக்கங்களை அள்ளிக்கொண்டு போனது.

71 என்ற எண்ணும் கொஞ்சம் ஏமாற்றும். பட்டியலில் முதலில் தங்கத்தைத்தான் எண்ணுவார்கள். நமக்கு ஒலிம்பிக்கில் தங்கமே இல்லை. அர்ஷத் நதீமின் ஒரே தங்கத்தோடு பாகிஸ்தான் 62-ஆவது இடத்தில் நின்றது. பாராலிம்பிக்கில் நமக்கு 7 தங்கம், 9 வெள்ளி, 13 வெண்கலம். ரியோவில் 4, டோக்கியோவில் 19, பாரிஸில் 29 என்ற ஏற்றம்தான் கவனிக்க வேண்டியது. ரியோவுக்கு 19 பேரை அனுப்பினோம். பாரிஸுக்கு 84 பேர்.

இதிலும் ஒரு குறை உண்டு. 29-இல் 17 தடகளத்தில் வந்தவை, பேட்மின்டனில் 5, துப்பாக்கிச் சுடுதலில் 4, வில்வித்தையில் 2, ஜூடோவில் 1. நீச்சலில் 141 தங்கப் பதக்கங்கள் இருக்க, நமக்கு அங்கே ஒரு பதக்கம்கூட இல்லை. நீச்சல் குளத்தைக் கண்டுகொள்ளாமல் முதல் பத்து இடம் பற்றிப் பேசுவது வெறும் ஆசைதான்.

கேள்வி: உயரம் தாண்டும் மாரியப்பன் ரியோவில் டி42, பாரிஸில் டி63 என்று போட்டார்கள். ஆள் ஒருவர்தானே, பிரிவு எப்படி மாறும்?
– வாசகி, சேலம்

மாரியப்பனின் பிரிவு மாறவில்லை. போட்டியின் பெயர்தான் மாறியது.

'டி' என்றால் ஓட்டமும் தாண்டுதலும், 'எஃப்' என்றால் எறிதல். எண்ணின் முதல் இலக்கம் ஊனத்தின் வகை: 1 பார்வை, 2 அறிவுசார் குறைபாடு, 3 மூளை முடக்கம் போன்ற தசை ஒருங்கிணைப்புக் குறை, 4 உயரக் குறைவும் நின்று விளையாடும் கை, கால் ஊனமும், 5 சக்கர நாற்காலி அல்லது உட்கார்ந்து எறிதல், 6 செயற்கைக் கால். ஒரே குழுவுக்குள் அடுத்த இலக்கம் குறையக் குறையப் பாதிப்பு அதிகம் என்று பொதுவாகப் புரிந்துகொள்ளலாம். மாரியப்பன் செயற்கைக் கால் அணியாமல் தாண்டுபவர், எனவே டி42. முழங்காலுக்கு மேலே கால் இழந்து, செயற்கைக் காலோடு வருபவர் டி63. பாரிஸில் இரு பிரிவினரும் டி63 என்ற ஒரே போட்டியில் தாண்டினார்கள். தங்கம் வென்ற அமெரிக்காவின் எஸ்ரா ஃப்ரெச் 1.94 மீட்டர், நம் நாட்டு வீரர் சரத் குமார் 1.88, மாரியப்பன் 1.85. ரியோவில் மாரியப்பன் 1.89 தாண்டித் தங்கம் வென்றவர். போட்டிகளை இப்படிச் சேர்ப்பதில் டி42 வீரருக்கு நியாயம் குறைவு என்பது என் கருத்து.

கேள்வி: கிளப் எறிதலில் தங்கமும் வெள்ளியும் நமக்கே என்றார்கள். அது என்ன விளையாட்டு?
– வாசகர், தஞ்சாவூர்

பார்க்கச் சின்னக் கர்லாக்கட்டை போலிருக்கும். எடை 397 கிராம். விரல்களில் பிடிமானம் இல்லாதவர்களுக்கான போட்டி என்பதால்தான் இவ்வளவு லேசு. தரம்பீரும் பிரணவ் சூர்மாவும் எஃப்51 பிரிவு: உடம்பிலும் காலிலும் கட்டுப்பாடு இல்லை, கையிலும் பலம் குறைவு.

தரையோடு பிணைத்த இருக்கையில் வீரரைப் பட்டைகளால் இறுக்கிக் கட்டுவார்கள். மெத்தையையும் சேர்த்து இருக்கையின் உயரம் 75 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. எறியும்போது பிட்டம் இருக்கையை விட்டு எழும்பினால் ஃபவுல். கட்டை குறித்த எல்லைக்கு வெளியே விழுந்தாலும் ஃபவுல். பட்டை தளர்ந்தால் உடம்பு எழும்பும். கட்டிவிடும் உதவியாளரின் கை அவ்வளவு முக்கியம். கட்டி அவிழ்க்க நேரம் பிடிப்பதால் ஒருவர் தன் வாய்ப்புகளை அடுத்தடுத்து எறிந்து முடிப்பார். நடுவில் மூச்சு வாங்கி யோசிக்க நேரமில்லை. தரம்பீருக்கு முதல் நான்கும் ஃபவுல். ஐந்தாவது 34.92 மீட்டர், ஆசியச் சாதனை, தங்கம். பிரணவ் 34.59. தரம்பீருக்கு வழிகாட்டிய அமித் சரோஹாவும் அதே இறுதிப் போட்டியில் எறிந்தார்!

கேள்வி: நவ்தீப் சிங்கின் வெள்ளி தங்கமானது எப்படி?
– வாசகர், நெல்லை

உயரம் குறைந்தவர்களுக்கான எஃப்41 ஈட்டி எறிதலில் ஈரான் வீரர் 47.64, நவ்தீப் 47.32. நடத்தை விதியை மீறியதாக ஈரான் வீரரைத் தகுதி நீக்கம் செய்தார்கள். தூரத்தில் சர்ச்சை எதுவும் இல்லை.

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. வலது கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது. பாரிஸில் பதக்கம் வென்ற துளசிமதி, மனிஷாவைப் பார்த்து பேட்மின்டன் ஆட ஆசைப்படுகிறான். எங்கே தொடங்குவது?
– ஒரு தாய், விழுப்புரம்

முதலில் மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டையான யுடிஐடி அட்டை வாங்குங்கள். பிறகு மாநிலப் பாரா விளையாட்டு அமைப்பில் பதிவு, மாநிலப் போட்டி, தேசியப் போட்டி என்று படிப்படியாகப் போகலாம். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. முதல் அனுபவத்துக்கு அது நல்ல இடம்.

பலர் தடுக்கி விழுவது ஒரே இடத்தில். அட்டையில் உள்ள சதவீதம் வேறு, விளையாட்டுப் பிரிவு வேறு. 40 சதவீதம் என்று சான்றிதழ் இருந்தாலும், அந்தந்த விளையாட்டின் குறைந்தபட்ச ஊன வரம்புக்குள் வராவிட்டால் ஆட முடியாது. ஓரிரு விரல் இல்லாதது மட்டும் பெரும்பாலும் போதாது. உங்கள் மகனுக்கு, கையில் ஊனமுள்ளவர்கள் நின்று ஆடும் எஸ்யூ5 பிரிவு பொருந்த வாய்ப்பு அதிகம். அதில் முழு ஆடுகளத்திலும் ஓடியாட வேண்டும். நிதேஷ் குமார் தங்கம் வென்ற, காலில் ஊனமுள்ளவர்களுக்கான எஸ்எல்3 ஒற்றையரில் அரை ஆடுகளம். ஆகவே கால் வேகத்துக்கு இப்போதே பயிற்சி கொடுங்கள்.

இறுதி முடிவு வகைப்பாட்டுக் குழுவின் கையில். டோக்கியோவில் வட்டு எறிதலில் வினோத் குமார் வெண்கலம் வென்ற பிறகு, பிரிவு பற்றிய ஆட்சேபத்தால் பதக்கம் பறிபோனது. அதனால் மருத்துவக் கோப்பு பக்காவாக இருக்கட்டும்: பிறவியிலேயே அப்படியா விபத்தா என்ற குறிப்பு, எக்ஸ்ரே, சிகிச்சை விவரம், எல்லாம் ஆங்கிலத்தில், தேதியோடு. பரிசோதனையில் 'கையை நீட்டு, மடக்கு' என்றால் முழு பலத்தோடு செய்யச் சொல்லுங்கள். சாதகமான பிரிவு கிடைக்கும் என்று யாராவது தளர்த்திக் காட்டச் சொன்னால் கேட்காதீர்கள். களத்தில் ஆடும்போதும் கவனிப்பார்கள், அங்கே மாட்டிக்கொண்டால் தடை வரும்.