எதிரெதிரே வரும் இரண்டு அலைகள் மோதினால் திரும்பிப் போகுமா?

திரும்பாது, ஒன்றையொன்று கடந்துவிடும். நீளக் கயிற்றின் இரு முனைகளிலிருந்தும் ஒருவர் மேல்நோக்கியும் மற்றவர் கீழ்நோக்கியும் ஒரே அளவில் உதறினால், மேடும் பள்ளமும் நடுவில் சந்திக்கும் கணத்தில் கயிறு நேர்கோடாகத் தெரியும். அப்படியென்றால் ஆற்றல் எங்கே போச்சு? பலரும் குழம்புவது இங்கேதான். கயிறு நேராக இருக்கிறதே தவிர, அசையாமல் இல்லை. அந்த இடத்தில் ஒரு பாதி மேல்நோக்கியும் மறுபாதி கீழ்நோக்கியும் பாய்ந்துகொண்டிருக்கும். ஆற்றல் முழுவதும் அப்போது இயக்க ஆற்றல். அந்த வேகமே மேட்டையும் பள்ளத்தையும் மறுபடி எழுப்பிவிடுகிறது.

இருவருமே மேல்நோக்கி உதறினால் ஒரு கணம் இரட்டை உயரம் வரும். இப்படிச் சந்திக்கும் இடத்தில் இரண்டு அலைகளின் மேடு பள்ளங்களும் ஒன்றோடொன்று கூடுவதுதான் மேற்பொருந்துதல் தத்துவம். கயிறு ரொம்பப் பெரிதாக வளையாத வரை இந்தக் கூட்டல் சரியாக வரும்.