‘கிரவுண்ட்’ என்று எழுதியிருந்தால் எந்தக் கம்பி?

கேள்வி: நான் மின் பொறியாளர், ஸ்பானிய மொழியும் தெரியும். மெக்சிகோவுக்கும் ஸ்பெயினுக்கும் போகிற ஸ்விட்ச்போர்டின் (மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் பெட்டி) நிறுவல் கையேட்டை ஆங்கிலத்திலிருந்து ஸ்பானியத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். அகராதியில் ஒரே சொல்லுக்கு நான்கைந்து இணைகள் இருக்கின்றன. எதை எடுப்பது?

பதில்: முதலில் கையேட்டை இரண்டாக்குங்கள். இரு நாட்டுக்கும் பொதுவான ஸ்பானியம் என்று முயன்றால் இரு பக்கத்து எலெக்ட்ரீஷியனும் தடுமாறுவார். மெக்சிகோவின் நோம்-001-செதே தரநூல் அமெரிக்க மின் விதிநூலை அடியொற்றியது. ஸ்பெயினில் 2002-ஆம் ஆண்டின் தாழ்வழுத்த மின் ஒழுங்குமுறை நடப்பில் இருக்கிறது. அதன் முதல் துணை விதி முழுக்கக் கலைச்சொல் விளக்கம்தான். எந்த நாட்டுக்கு எழுதுகிறீர்களோ அந்த நாட்டு விதிநூல்தான் உங்கள் அகராதி.

மிகவும் கவனிக்க வேண்டியது ‘கிரவுண்ட்’, அதாவது நாம் ‘எர்த்’ என்பது. அமெரிக்க ஆங்கிலத்தில் ‘கிரவுண்டட் கண்டக்டர்’ வேறு, ‘கிரவுண்டிங் கண்டக்டர்’ வேறு. முன்னது பெரும்பாலும் நியூட்ரல், அதாவது மின்னோட்டம் திரும்பிச் செல்லும் கம்பி. வழக்கமான நேரத்திலேயே அதில் மின்னோட்டம் பாயும். பின்னது பாதுகாப்புக் கம்பி. பழுது ஏற்பட்டால் மட்டுமே அதற்கு வேலை. மெக்சிகோ நூல் முதலாவதை ‘கொன்துக்தோர் புவெஸ்தோ அ தியெர்ரா’ என்கிறது, இரண்டாவதை ‘கொன்துக்தோர் தெ புவெஸ்தா அ தியெர்ரா’ என்கிறது. நடுவே வரும் ‘தெ’யும் ஓர் ஈற்றெழுத்தும்தான் வித்தியாசம். அவசரத்தில் இடம் மாறினால், நியூட்ரலைக் கொண்டுபோய்ப் பெட்டியின் உலோக உடலில் இணைத்துவிட வாய்ப்புண்டு. பிறகு அந்த நியூட்ரல் எங்காவது அறுந்தால், பெட்டியைத் தொடுகிறவரின் உயிருக்கே ஆபத்து. ஸ்பெயினுக்கு எழுதும்போது இந்தச் சிக்கல் இல்லை: ‘நெயுத்ரோ’, ‘கொன்துக்தோர் தெ புரொதெக்சியோன்’ என்று தெளிவாகப் பிரித்துவிடலாம். எலெக்ட்ரானிக்ஸ் பகுதியில் ‘சேஸிஸ் கிரவுண்ட்’ (கருவியின் உலோகச் சட்டத்தோடு இணைப்பது) வந்தால் அது ‘மாசா’. அங்கே ‘தியெர்ரா’ போட வேண்டாம்.

அடுத்தது ‘பவர்’. நாமே ‘கரண்ட் போச்சு’ என்று சொல்லும்போது ஆம்பியரையா நினைக்கிறோம்? ஆங்கிலத்தில் ‘பவர்’ அப்படித்தான் உழைக்கிறது. வாட்டில் அளப்பது ‘பொதென்சியா’. கருவிக்கு மின்சாரம் ஊட்டுவது ‘அலிமென்தாசியோன்’. பவர் சப்ளை ‘ஃபுவென்தே தெ அலிமென்தாசியோன்’ ஆவது அதனால்தான். மின்சாரம் நின்றுபோவதைச் சொல்லும் இடத்தில் ‘பொதென்சியா’ எழுதினால் பொருளே கெடும். ஒவ்வொரு இடத்திலும் ‘இதை எந்த அலகில் அளப்பேன்?’ என்று கேளுங்கள். அளவே இல்லை என்றால் அது ‘பொதென்சியா’ அல்ல.

சர்க்யூட் பிரேக்கரை ஸ்பெயினில் ‘இன்தெர்ருப்தோர் அவுதொமாதிகோ’ என்பார்கள். வெப்ப-காந்த வகையை மெக்சிகோவில் ‘இன்தெர்ருப்தோர் தெர்மோமக்னேதிகோ’ என்பார்கள். பல அகராதிகள் தரும் ‘திஸ்யுன்தோர்’ பொறி வைத்த சொல். அர்ஜென்டினாவில் அந்தப் பெயரைக் கேட்டால் கசிவு மின்னோட்டத்தில் துண்டிக்கும் கருவியைத்தான் நினைப்பார்கள். கையேடு பிறகு அங்கும் போகக்கூடும் என்றால் இப்போதே தவிர்த்துவிடுங்கள்.

மற்றவை எளிது. கபாசிட்டர் ஸ்பெயினில் ‘கொன்தென்சதோர்’, மெக்சிகோவில் ‘கபாசிதோர்’. ரிலே ஸ்பெயினில் ‘ரெலே’, மெக்சிகோவில் ‘ரெலெவதோர்’. வோல்டேஜுக்கு ‘தென்சியோன்’ எழுதினால் எங்கும் புரியும்.

விதிநூலில் கிடைக்காத சொல்லுக்கு, சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் இணையத்தில் இலவசமாகத் தரும் எலெக்ட்ரோபீடியாவைப் பாருங்கள். 20,000-க்கும் மேற்பட்ட கருத்துகளுக்கு ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வரையறை உண்டு, பலவற்றுக்கு ஸ்பானிய இணைச்சொல்லும் உண்டு. இணைச்சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடாமல் வரையறையைப் படியுங்கள். உங்கள் வரைபடத்தில் உள்ள பாகம் அதுதானா என்று ஒப்பிடுங்கள்.

எண்களையும் மறக்க வேண்டாம். ஸ்பெயினில் தசமத்துக்குக் காற்புள்ளி, மெக்சிகோவில் புள்ளி. ஆங்கில மூலத்தில் ‘1,200’ ஆம்பியர் என்றிருப்பதை அப்படியே விட்டால், ஸ்பெயினில் படிப்பவர் ஒன்று புள்ளி இரண்டு என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. ஆயிரம் வரும் இடங்களில் காற்புள்ளியை எடுத்துவிட்டுச் சிறிய இடைவெளி விடுங்கள். அலகுக் குறியீடுகளைத் தொடவே வேண்டாம்.

எச்சரிக்கைப் பக்கங்களை மட்டுமாவது, அச்சுக்குப் போகும் முன் அந்தந்த நாட்டில் வேலை செய்யும் எலெக்ட்ரீஷியன் ஒருவரிடம் கொடுத்து, எந்தக் கம்பியை எங்கே இணைப்பீர்கள் என்று படத்தில் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.