ரியோஹா கிராமத்தில் தபாஸும் ஒயினும்: சைவக்காரரும் சர்க்கரைக்காரரும் எப்படித் தயாராவது?

கேள்வி: மகள் ஸ்பெயினில் பில்பாவோ நகரில் வேலை பார்க்கிறாள். செப்டம்பர் கடைசியில் நானும் கணவரும் கோவையிலிருந்து அவளைப் பார்க்கப் போகிறோம். ஒயினுக்குப் பேர்போன ரியோஹா பக்கம் ஒரு கிராமத்து ஒயின் பண்ணையில் எங்களுக்காக, தபாஸ் என்ற சின்னச் சின்னத் தட்டுப் பதார்த்தங்களோடு ஒயின் டேஸ்டிங் பதிவு செய்துவிட்டாள். மூன்று மணி நேரம், ஐந்து வகை ஒயினாம். நான் சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவேன். ஒயின் எப்போதோ ஒரு வாய் குடித்ததோடு சரி. கணவர் எல்லாம் சாப்பிடுவார், ஆனால் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறார். அங்கே போய்த் திருதிருவென்று முழிக்காமல், தலை சுற்றாமல், பசியோடு திரும்பாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: நீங்கள் மூன்று பயம் சொல்லியிருக்கிறீர்கள். அதில் முழிப்பதைப் பற்றிய பயம் தேவையில்லாதது. வழிகாட்டி இருக்கிற டேஸ்டிங்குக்கு வருகிறவர்களில் பலருக்கு ஒன்றும் தெரியாது, சொல்லித்தருவதற்குத்தான் அவர் இருக்கிறார். மற்ற இரண்டுக்கும் இங்கிருந்து கிளம்பும் முன்பே வழி செய்துகொள்ள வேண்டும்.

முதலில் சாப்பாடு. ரியோஹாவில் காய்கறிக்குப் பஞ்சமே இல்லை. எப்ரோ ஆற்றுப் படுகை ஸ்பெயினின் பெரிய காய்கறித் தோட்டங்களில் ஒன்று. சிக்கல் என்னவென்றால், காய்கறி என்று பெயர் போட்ட பதார்த்தத்திலும் பன்றித் தொடைக்கறி, அதாவது ஹமோன், பொடிப்பொடியாகக் கிடக்கும். மெனெஸ்த்ரா என்ற காய்கறிக் கூட்டு அந்த ஊரின் பெருமை. பட்டாணி, பீன்ஸ், ஆர்டிசோக் எல்லாம் போட்டு அருமையாகச் செய்வார்கள், கடைசியில் ஹமோனையும் வதக்கிச் சேர்த்துவிடுவார்கள். பயறு வகைக் குழம்பில் சொரிசோ தொத்திறைச்சி இருக்கும். உருண்டை பிடித்துப் பொரித்த க்ரோகெட்டாவுக்குள்ளும் பெரும்பாலும் ஹமோன்தான். 'கறி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால், சூரை மீன் தூவிய சாலட்டைச் சிரித்த முகத்தோடு கொண்டுவந்து வைப்பார்கள். அவர்கள் ஏமாற்றவில்லை. மீனும் ஹமோனும் அவர்கள் கணக்கில் பலருக்குக் 'கறி'யில் சேராது.

ஆகவே 'வெஜிடேரியன்' என்ற ஒற்றைச் சொல்லை நம்பாதீர்கள். இரண்டு வாரம் முன்பாகவே மகளை ஸ்பானிஷில் மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள். கறி, ஹமோன், சொரிசோ, மீன், இறால், கறிச்சாறு எதுவும் கூடாது. முட்டையும் பாலும் சரி. இப்படி ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுத வேண்டும். அன்று காலையில் நேரில் சொன்னால் ரொட்டியும் ஆலிவும்தான் மிஞ்சும். முன்கூட்டியே தெரிந்தால் சமையல்காரர்கள் உற்சாகமாகச் செய்வார்கள்.

என்ன கேட்கலாம்? உருளைக்கிழங்கு முட்டை அடை, தோர்த்தியா. நடுவில் கொஞ்சம் குழைவாக இருப்பதுதான் அங்கே வழக்கம், பிடிக்காவிட்டால் நன்றாக வேகவைக்கச் சொல்லுங்கள். விறகில் சுட்டுத் தோலுரித்த பிகியோ சிவப்பு மிளகாய்க்குள் வழக்கமாக உப்புக் கருவாட்டு மீனை அடைப்பார்கள், அதை ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி வைத்துத் தரச் சொல்லலாம். இந்த மிளகாய் காரமே இருக்காது, இனிக்கும். அப்புறம் காளான். லொக்ரோன்யோ நகரின் லாவ்ரெல் தெருவுக்குப் பேர் வாங்கித் தந்த பதார்த்தம் அது. தலைகீழாகக் கவிழ்த்த காளான்களைத் தட்டுக்கல்லில் வாட்டி, பூண்டு எண்ணெயை அதன் குழிவில் ஊற்றி, குச்சியில் மூன்றாகக் கோத்து ரொட்டித் துண்டின்மேல் குத்தி நிறுத்துவார்கள். உச்சியில் ஒரு சின்ன இறால் உட்கார்ந்திருக்கும். அதை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டால் மீதி அத்தனையும் உங்களுக்குத்தான். எண்ணெய் ரொட்டியில் ஊறியிருக்கும், அடியிலிருந்து ஒழுகும், நாப்கினைக் கையில் வைத்துக்கொண்டே சாப்பிடுங்கள்.

கிராமத்துப் பண்ணை என்பதால் வெளியில் நெருப்பு மூட்டி ஆட்டு விலா எலும்புக்கறி சுடவும் வாய்ப்பு உண்டு. கவாத்து செய்த திராட்சைக் கொடிக் குச்சிகளைக் காயவைத்துக் கட்டுக்கட்டாக அடுக்கியிருப்பார்கள். ஒரு கட்டைக் கொளுத்தினால் குப்பென்று ஆள் உயரத்துக்கு எரிந்து சில நிமிடத்தில் தணலாகிவிடும், அதன்மேல்தான் கம்பித்தட்டு. கணவர் விட்டுவிடக் கூடாத விஷயம் இது. உங்களுக்கான மிளகாயையும் காளானையும் அதே தணலில், ஆனால் கறி ஏறுவதற்கு முன்பே சுட்டுத் தரச் சொல்லுங்கள். இதையும் மின்னஞ்சலிலேயே கேட்டுவிடலாம்.

சைவத்தில் கண்டிப்பானவராக இருந்தால் இன்னும் இரண்டு விஷயம். அங்கே தட்டில் வரும் இதியசாபல் என்ற செம்மறியாட்டுப் பாலாடைக்கட்டியில் பாலை உறையவைக்க ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த உறை சேர்க்கிறார்கள். ஒயினிலும், கலங்கலைத் தெளியவைக்க முட்டையின் வெள்ளைக்கரு போடுவது பழைய பண்ணைகளின் வழக்கம். முட்டை சாப்பிடுகிற உங்களுக்கு அது பிரச்சினை இல்லை. ஆனால் சில இடங்களில் ஜெலட்டினோ மீனிலிருந்து எடுத்த பொருளோ போடுவதும் உண்டு. கேட்டால் தயங்காமல் சொல்வார்கள்.

இனி தலை சுற்றாமல் இருப்பது. ஒரு டேஸ்டிங் ஊற்று சுமார் 50 மில்லி. ஐந்து வகை என்றால் 250 மில்லி, ஒரு பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு. ரியோஹா சிவப்பு ஒயினில் ஆல்கஹால் 14 சதவீதம் வரை சாதாரணம். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 28 கிராம் ஆல்கஹால். பழக்கமில்லாத உடம்புக்கு இது நிச்சயம் அதிகம். தாராளமாக ஊற்றுகிற வீடாக இருந்தால் இன்னும் கூடும். ஆனால் அத்தனையும் விழுங்க வேண்டும் என்று யார் சொன்னது? மேசைமேல் ஒரு ஜாடியோ வாளியோ இருக்கும். வாயில் சுழற்றிய ஒயினை அதில் துப்பலாம், கிளாஸில் மிச்சமானதையும் கொட்டலாம். நமக்குத்தான் நாலு பேர் முன்னால் துப்புவது கூச்சம். ஒயின் செய்கிறவர்களே நாள் முழுக்க அப்படித்தான் செய்கிறார்கள், இல்லாவிட்டால் மதியத்துக்குமேல் வேலை ஓடாது. துப்ப மனம் வரவில்லையென்றால் ஒரு வாய் குடித்துவிட்டு மீதியைக் கொட்டிவிடுங்கள். ஒவ்வொரு ஒயினுக்கும் நடுவில் அரை டம்ளர் தண்ணீர். காலைச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டுப் போகவே கூடாது.

உங்கள் கணவர் விஷயத்தில் கிளம்பும் முன் அவருடைய மருத்துவரைக் கேட்பதுதான் முதல் வேலை. எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது அது. கிளிமெபிரைடு போன்றவற்றோடு வெறும் வயிற்றில் ஆல்கஹால் சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம், அதுவும் சில மணி நேரம் கழித்துக்கூட நடக்கும். தள்ளாட்டத்தைப் போதை என்று நினைத்துச் சும்மா இருந்துவிடுவதுதான் இதில் ஆபத்து. மெட்ஃபார்மினாக இருந்தாலும் அளவுக்கு மீறிய மது கூடாது. ரியோஹாவின் சிவப்பு ஒயினில் இனிப்பு மிகக் குறைவு, 'சர்க்கரை இல்லையே' என்று அவர் வாதாடக்கூடும். இங்கே கவலை ஆல்கஹாலைப் பற்றியது. மருத்துவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் மோந்துவிட்டுத் துப்பிக்கொண்டு வரலாம், அதுவே பாதி சுகம். புளிக்காத திராட்சைச் சாறு, மோஸ்தோ, பல இடங்களில் கிடைக்கும், ஆனால் அது வெறும் இனிப்பு; அவருக்கு ஆகாது. கடைசியில் 'வீட்டுச் சரக்கு' என்று உபசாரமாக ஒரு சின்னக் கோப்பையில் பச்சரான் என்ற பழ மதுவை நீட்டினால் அதையும் தவிர்க்கட்டும். இனிப்பும் ஆல்கஹாலும் இரண்டுமே அதில் தூக்கல்.

வண்டி ஓட்டுவது மகளா? அப்படியென்றால் அவள் குடிக்கவே கூடாது. ஸ்பெயினில் சாலையில் நிறுத்தி ஊதச் சொல்வது சகஜம், லைசென்ஸ் வாங்கி இரண்டு வருடம் ஆகாதவர்களுக்கு வரம்பு இன்னும் இறுக்கம். பேருந்தில் லொக்ரோன்யோ வந்து டாக்ஸி பிடித்தால் மூவருக்கும் நிம்மதி.

சரி, மேசையில் உட்கார்ந்தபிறகு? அன்று மட்டும் மல்லிகையும் வேண்டாம், சென்ட்டும் வேண்டாம். உங்கள் மூக்கை மட்டுமில்லை, பக்கத்தில் இருப்பவர் மூக்கையும் அது கெடுக்கும். கிளாஸைத் தண்டில் பிடியுங்கள். வெள்ளைக் காகிதத்துக்கு மேல் சாய்த்து ஓரத்து நிறத்தைப் பாருங்கள். வயதாகாத சிவப்பு ஒயின் ஓரத்தில் ஊதாவாக இருக்கும், வயதான ஒயின் செங்கல் நிறத்துக்கு வந்திருக்கும். அப்புறம் கிளாஸை மேசைமேலேயே வைத்து ஒரு சுற்றுச் சுற்றி மோந்து பாருங்கள்.

வழிகாட்டி பிளாக்பெர்ரி, தோல், சிடார் மரம் என்று அடுக்குவார். தலையாட்ட வேண்டியதில்லை. உங்கள் அடுப்படியில் என்ன மணமோ அதைச் சொல்லுங்கள். ரியோஹாவில் இது வெறும் சமாளிப்பும் அல்ல. அங்கே ஒயின் 225 லிட்டர் ஓக் மரப் பீப்பாய்களில் ஊறுகிறது, அந்த மரத்தில் யூஜினால் என்ற பொருள் இருக்கிறது. கிராம்புக்கு மணம் தருவதும் அதேதான். ரியோஹாக்காரர்கள் காலங்காலமாக விரும்பும் அமெரிக்க ஓக்கில் தேங்காய் மணம் தரும் லாக்டோனும் தூக்கலாக உண்டு. ஆகவே 'கிராம்பும் கொப்பரையும்' என்று நீங்கள் சொன்னால் அது வேதியியல்படியே சரி. பீப்பாய்ப் பழக்கம் அங்கே வேரூன்றியதே 19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் ஒயின் நகரமான போர்தோ ஆட்களோடு ஏற்பட்ட தொடர்பால்தான். பிரான்சின் கொடிகளை ஃபிலாக்சரா பூச்சி அழித்தபோது அங்கிருந்து வியாபாரிகள் ஒயின் தேடி ரியோஹாவுக்கு வந்தார்கள். ஆரோ என்ற ஊரில் ரயில் நிலையத்தை ஒட்டிப் பெரிய பண்ணைகள் அடுத்தடுத்து நிற்பதன் கதை அது.

ஊற்றும் வரிசை பெரும்பாலும் இப்படி இருக்கும்: வியூரா திராட்சையில் செய்த வெள்ளை, அப்புறம் வயதாகாத சிவப்பு, க்ரியான்ஸா, ரெசெர்வா, கடைசியில் கிரான் ரெசெர்வா. சிவப்பில் முக்கியத் திராட்சை தெம்ப்ரானியோ. க்ரியான்ஸா என்றால் குறைந்தது ஒரு வருடம் பீப்பாயில் இருந்து மொத்தம் இரண்டு வருடம் ஆகியிருக்க வேண்டும். ரெசெர்வாவுக்கு மூன்று வருடம், கிரான் ரெசெர்வாவுக்கு ஐந்து. பாட்டிலின் பின்பக்கச் சின்ன முத்திரைத்தாளின் நிறமே சொல்லிவிடும்: க்ரியான்ஸாவுக்குச் சிவப்பு, ரெசெர்வாவுக்கு அடர்சிவப்பு, கிரான் ரெசெர்வாவுக்கு நீலம். லாகுவார்தியா என்ற ஊர்ப் பக்கத்துப் பண்ணையாக இருந்தால் குலையோடு தொட்டியில் போட்டுப் புளிக்கவைத்த இளம் ஒயினும் கிடைக்கலாம். வாழைப்பழமும் ஸ்ட்ராபெரியும் மணக்கும், துவர்ப்பு குறைவு. முதல்முறை குடிப்பவர்களுக்கு ரொம்பவும் பிடிப்பது இதுதான் என்பது என் அபிப்பிராயம், விலை உயர்ந்த கிரான் ரெசெர்வா இல்லை.

தபாஸ் எதற்கு என்பது இரண்டாவது வாயில் புரியும். சிவப்பு ஒயினை ஒரு வாய் குடியுங்கள். நாவல்பழம் தின்றதுபோல ஈறும் நாக்கும் இறுகும். இப்போது ஒரு துண்டு பாலாடைக்கட்டியை மென்றுவிட்டு மறுபடி அதே ஒயினைக் குடியுங்கள். இறுக்கம் தளர்ந்து பழ ருசி முன்னால் வந்திருக்கும். துவர்ப்புப் பொருள் கட்டியின் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் நாக்கை விட்டுவிடுகிறது. எதிர்மறையாகவும் சோதித்துப் பார்க்கலாம். வினிகரில் ஊறிய பச்சைமிளகாயைக் கடித்துவிட்டு ரெசெர்வா குடித்தால் ஒயின் தட்டையாகிக் காந்தும், ஆகவே ஊறுகாய் வகையை வெள்ளையோடு முடித்துக்கொள்ளுங்கள். ஆர்டிசோக் சாப்பிட்டபின் ஒயின் விசித்திரமாக இனிக்கும், அது ஒயினின் குற்றம் இல்லை. எண்ணெய் ஊறிய காளானுக்கு க்ரியான்ஸா, தோர்த்தியாவுக்கு வெள்ளை. பையில் புளிக்காய்ச்சல் டப்பா இருந்தால் அன்று அறையிலேயே இருக்கட்டும். ஒயினின் ஆல்கஹாலோடு நம் காரம் சேர்ந்தால் வாய் எரிந்துபோகும்.

செப்டம்பர் கடைசி என்பது அறுவடை நேரம். டிராக்டர் டிராக்டராகத் திராட்சை வந்து இறங்குவதைப் பார்க்கலாம். அதே காரணத்தால் ஆட்கள் பரபரப்பாக இருப்பார்கள், நேரம் முன்பின் ஆகும். புளிக்கும் தொட்டிகள் இருக்கும் அறைக்குள் தனியாக நுழையாதீர்கள். அங்கே கரியமில வாயு தேங்கி நிற்கும். தரை ஈரமாக இருக்கும், செருப்புக்குப் பதில் ஷூ நல்லது. நிலத்தடிப் பாதாள அறைகள் கோடையிலும் சில்லென்றிருக்கும், ஒரு சால்வை வேண்டும். லாகுவார்தியா ஊரே இப்படிக் குடைந்த அறைகளின்மேல்தான் நிற்கிறது, பாரம் தாங்காதென்று பழைய ஊருக்குள் கார்களை விடுவதில்லை.

பாட்டில் வாங்கினால் விமானத்தில் கைப்பையில் வைக்க முடியாது, துணியில் சுற்றிப் பெட்டிக்குள் போட வேண்டும். இந்தியாவுக்குள் தீர்வை இல்லாமல் தலைக்கு 2 லிட்டர்தான், அதாவது ஆளுக்கு இரண்டு பாட்டில். வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை, கட்டணம் கட்டித்தானே போகிறீர்கள்.

மின்னஞ்சலில் இன்னொரு கேள்வியும் சேருங்கள்: தபாஸ் மதியச் சாப்பாட்டுக்குப் போதுமா, வெறும் கொறிக்கிற அளவா? அந்தப் பக்கம் மதியச் சாப்பாடு இரண்டு மணிக்குத் தொடங்கி நாலு மணிவாக்கில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பல இடங்களில் ஒன்பது மணியாகும். டேஸ்டிங் முடிந்து மூன்றரைக்கு வெளியே வந்து சைவச் சாப்பாடு தேடினால் கிடைப்பது கஷ்டம். கொறிக்கிற அளவுதான் என்று பதில் வந்தால், டேஸ்டிங்கைப் பதினொரு மணிக்கு மாற்றிக்கொண்டு, பக்கத்து ஊரில் இரண்டரை மணிக்கு ஒரு மேசையை அப்போதே பதிவு செய்யச் சொல்லுங்கள்.