அத்தை கொண்டுவந்த சாப்பாடு

வணக்கம் ஐயா,

சென்ற மாதம் ஆங்கிலக் கட்டுரையாளர் சார்லஸ் லாம் பற்றி எழுதியபோது, அவரும் கவிஞர் கோல்ரிட்ஜும் ஒரே உறைவிடப் பள்ளியில் படித்தவர்கள் என்று போகிற போக்கில் சொல்லியிருந்தீர்கள். அந்தப் பள்ளியின் பழைய மாணவர்கள் யார் யார் என்று தேடிப் பார்த்தேன். மலைப்பாக இருந்தது. ஒரு பள்ளி இத்தனை பேரை உருவாக்க முடியுமா? அங்கே அப்படி என்னதான் நடந்தது?

கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை நானும் விடுதியில் தங்கிப் படித்தவன். போன ஜனவரியில் பழைய மாணவர்கள் கூடினோம். ஒவ்வொருவராக எழுந்து அது பொற்காலம் என்றார்கள். என்னிடம் மைக் வந்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. படிப்பு கிடைத்தது, வேலை கிடைத்தது, மறுக்கவில்லை. ஆனாலும் அந்த வராந்தாவை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றை என்னவோ செய்கிறது. நான் நன்றி இல்லாதவனா?

க., திருச்சி

*

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தை மூன்று நாள் கையிலேயே வைத்திருந்தேன். முதல் கேள்விக்குப் பதில் எழுத ஆரம்பித்தால் அது இரண்டாவது கேள்வியில் போய் நிற்கிறது. அதனால் சேர்த்தே எழுதுகிறேன்.

அந்தப் பள்ளியின் பெயர் கிரைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல். பெயரைப் பார்த்து மருத்துவமனை என்று நினைக்க வேண்டாம். திக்கற்றவர்களுக்கு இடம் கொடுக்கும் இல்லத்தையும் அந்தக் காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள். 1552-ல் லண்டன் நியூகேட் தெருவில், துறவிகள் வெளியேற்றப்பட்டுக் காலியாகக் கிடந்த ஒரு மடத்தில் தொடங்கினார்கள். முதலில் சேர்ந்த பிள்ளைகள் 380 பேர். மறு வருடம் ஜூனில் ஆறாம் எட்வர்ட் அதற்குச் சாசனம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அரசருக்கு அப்போது வயது பதினைந்து. பத்தே நாளில் அவரும் இறந்துபோனார். ஈட்டன் போலப் பிரபுக்கள் வீட்டுப் பிள்ளைகளின் இடமாக இது ஆகவில்லை. இன்றைக்கும் குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் கட்டணம். 1902-ல் பையன்கள் பள்ளி சசெக்ஸில் உள்ள ஹார்ஷமுக்கு இடம் பெயர்ந்தது. கணுக்காலைத் தொடும் நீல அங்கி, மஞ்சள் காலுறை, கழுத்தில் வெள்ளைத் துணிப்பட்டை என்ற உடை மட்டும் அப்படியே இருக்கிறது.

நீங்கள் பார்த்த பட்டியல் எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். லாம் படித்த காலத்தில் அங்கே அறுநூறு பையன்கள். பெரும்பாலானோர் பதினான்கு, பதினைந்து வயதில் வெளியேறித் தொழில் பழகவோ கணக்கெழுதவோ போனார்கள். சிலர் கப்பலேறினார்கள், கடலோடிகளைத் தயாரிப்பதற்கென்றே 1673-ல் இரண்டாம் சார்லஸ் அரசர் அங்கே ஒரு கணிதப் பிரிவு தொடங்கியிருந்தார். கடைசி வரை தங்கி, கிரேக்கமும் லத்தீனும் படித்து, பல்கலைக்கழகம் போனவர்கள் வருடத்துக்கு ஓரிருவர். கிரீசியன் என்று அவர்களுக்குப் பெயர். பட்டியலில் இடம்பிடிப்பவர்களில் பலர் அவர்களே. லாம் கெட்டிக்காரப் பையன், ஆனால் திக்குவாய். பல்கலைக்கழகம் போகிறவர்கள் பாதிரியார் ஆக வேண்டும், பிரசங்கம் செய்ய வேண்டும். திக்குவாயனுக்கு அது முடியாது என்பதால் பதினான்கு வயதில் படிப்பு முடிந்தது. பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் 33 வருடம் கணக்குப் புத்தகங்களோடு உட்கார்ந்திருந்தார்.

லாமும் கோல்ரிட்ஜும் சேர்ந்தது 1782-ல். லாமுக்கு ஏழு வயது, கோல்ரிட்ஜுக்கு ஒன்பது. லாமின் வீடு பள்ளியிலிருந்து நடந்து போகிற தூரம். அப்பா ஒரு வழக்கறிஞரிடம் ஊழியம் பார்த்தவர். வசதியான குடும்பம் இல்லை, ஆனால் நினைத்தபோது வீட்டுக்குப் போய்வர அவனுக்கு முடிந்தது. கோல்ரிட்ஜ் டெவன் பகுதியில் ஆட்டரி செயின்ட் மேரி என்ற ஊரிலிருந்து வந்தவன். பாதிரியார் வீட்டின் கடைசிப் பிள்ளை. முந்தின வருடம்தான் அப்பா இறந்திருந்தார். ஊருக்குப் போவது அபூர்வம்.

1813-ல் லாம் தன் பள்ளியைப் பற்றி ஒரு பத்திரிகையில் எழுதினார். முழுக்கப் புகழுரை. பள்ளியின் பழமை, பையன்களின் கௌரவம், பக்தி என்று உருகியிருப்பார். உங்கள் சந்திப்பில் மைக் பிடித்தவர்கள் பேசியது போலத்தான்.

ஏழு வருடம் கழித்து, 1820-ல், அதே லாம் இன்னொரு கட்டுரை எழுதினார். இந்த முறை ஈலியா என்ற புனைபெயர். ஆனால் கட்டுரையில் ‘நான்’ என்று பேசத் தொடங்குவது கோல்ரிட்ஜ். அந்தக் குரல் எடுத்த எடுப்பிலேயே லாம் மீது குற்றம் சாட்டுகிறது. திருவாளர் லாம் பள்ளியைப் பற்றிப் பிரமாதமாக எழுதியிருக்கிறார், நல்லதை மட்டும் சேர்த்து வைத்திருக்கிறார். அவருக்கென்ன, சொந்தக்காரர்கள் பக்கத்தில் இருந்தார்கள், மற்றவர்கள் காய்ந்த ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தபோது அவருக்குக் காலையில் டீயும் சூடான பன்னும் வந்தன. எனக்கு யாரும் இல்லை. ஊரில் தெரிந்தவர்கள் என்று சொல்லி அனுப்பிய வீடுகளுக்கு விடுமுறை நாளில் போனேன். இரண்டு மூன்று தடவைக்குமேல் அவர்களுக்கு அலுத்துவிட்டது. அறுநூறு பேர் நடுவில் தனியாக இருந்தேன். இப்படிப் போகிறது.

லீவு விட்ட நாட்களைப் பற்றி அதில் வரும் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடும். பள்ளிக்கு லீவு என்றால் பையன்களை வாசலுக்கு வெளியே அனுப்பிவிடுவார்கள். வீடு இருப்பவன் வீட்டுக்குப் போவான். வீடு இல்லாதவன்? கோடையில் நியூ ரிவர் கால்வாயில் குளியல், அப்புறம் பசி. குளிர்காலத்தில் தெருத்தெருவாகச் சுற்றி, படக்கடை ஜன்னல்களை வேடிக்கை பார்ப்பது. எதுவும் இல்லையென்றால் லண்டன் கோபுரத்தில் அடைத்து வைத்திருக்கும் சிங்கங்களைப் பார்க்கப் போவது. நீல அங்கிப் பையன்களுக்கு அங்கே இலவசம். இருட்டும்வரை பொழுதைத் தள்ள வேண்டுமே.

அப்படி ஒரு நாள் கோல்ரிட்ஜ் தெருவில் கைகளை வீசிக்கொண்டு நடந்திருக்கிறான். கடலை நீந்திக் கடக்கும் கிரேக்கக் கதை நாயகனாகத் தன்னை நினைத்துக்கொண்டிருந்தான். கை ஒரு பெரியவரின் சட்டைப்பையில் பட்டுவிட்டது. ஜேப்படித் திருடன் என்று பிடித்துக்கொண்டார். பையன் அழுதபடி கதையைச் சொல்ல, அவர் நெகிழ்ந்து ஒரு வாடகை நூலகத்துக்குப் பணம் கட்டிவிட்டார். தினம் இரண்டு புத்தகம் எடுக்கலாம். அங்கிருந்த வரிசைப்படியே எல்லாவற்றையும் படித்துத் தள்ளினான். அந்தப் படிப்பு பள்ளி கொடுத்ததில்லை, ஒரு வழிப்போக்கர் கொடுத்தது.

பள்ளி ஒன்றுமே கொடுக்கவில்லை என்று சொல்லிவிடவும் முடியாது. ஜேம்ஸ் பாயர் என்ற தலைமை ஆசிரியர் பிரம்பால் அடித்து நொறுக்குபவர். அவரேதான் கவிதையில் ஒவ்வொரு சொல்லுக்கும் அது அங்கே இருக்கக் காரணம் வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவர். பையன்கள் கட்டுரையில் கலைவாணி ஊற்று என்பது போல எதையாவது எழுதிவிட்டால், ‘ஓ, நம் முற்றத்துக் குழாயைச் சொல்கிறாயா?’ என்பாராம். கோல்ரிட்ஜ் பின்னாளில் அவருக்கு மனதாரக் கடன்பட்டதாக எழுதினார். பாயரின் அடி கனவில் வந்து தொந்தரவு செய்வதையும் அதே இடத்தில் எழுதினார். இரண்டையும் அவரால் ஒரே மூச்சில் சொல்ல முடிந்தது. மிடில்டன் என்ற மூத்த மாணவன்தான், பாடம் இல்லாத நேரத்திலும் லத்தீன் கவிஞர் வர்ஜிலைப் படித்துக்கொண்டிருந்த கோல்ரிட்ஜைப் பார்த்து ஆசிரியரிடம் சொன்னவன். 1814-ல் அந்த மிடில்டன் கல்கத்தாவின் முதல் பிஷப் ஆனார். அன்றைக்கு மதராஸும் கல்கத்தா மறைமாவட்டத்துக்குள்தான் இருந்தது.

1820 கட்டுரையில் ஒரு பையன் வருகிறான். சாப்பாட்டு மேசையில் மற்றவர்கள் தொடாமல் ஒதுக்கிய கொழுப்புத் துண்டுகளை எல்லாம் பொறுக்கி எடுத்துப் படுக்கைக்குப் பக்கத்தில் ஒளித்து வைப்பான். தின்கிறான் என்றார்கள், விற்கிறான் என்றார்கள். யாரும் அவனோடு பேசவில்லை, விளையாட்டில் சேர்க்கவில்லை. ஒரு லீவு நாளில் இரண்டு பேர் பின்தொடர்ந்து போனார்கள். ஒரு இடிந்த கட்டடத்தின் மாடியில் ஏறி ஒரு கதவைத் தட்டினான். கந்தல் உடுத்த ஒரு கிழவி திறந்தாள். உள்ளே பட்டினி கிடந்தது அவனுடைய அப்பாவும் அம்மாவும். நிர்வாகம் விசாரித்து, குடும்பத்துக்கு உதவி, அவனுக்கு வெள்ளிப் பதக்கமும் கொடுத்தது. அந்தப் பையன் பின்னால் என்ன ஆனான் என்பது எந்தப் பட்டியலிலும் இல்லை. எனக்கு அவன் கோல்ரிட்ஜுக்குக் குறைந்தவனாகத் தெரியவில்லை.

பிற்காலத்து மாணவர்களில் ஒருவரைச் சொல்ல வேண்டும். பார்ன்ஸ் வாலிஸ், ஹார்ஷமுக்கு இடம் மாறிய சமயத்தில் படித்தவர். பதினேழு வயதில் பட்டறை வேலைக்குப் போய், பிறகு விமானப் பொறியாளர் ஆனார். தண்ணீர்மேல் தத்தித் தத்திப் போய் அணையை உடைக்கும் குண்டு அவர் யோசனை. 1943 மே மாதம் ஒரே இரவில் 19 விமானங்கள் ஜெர்மனிக்குப் போயின. போன 133 பேரில் 53 பேர் இறந்தார்கள். கீழே வெள்ளத்தில் செத்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். கட்டாய வேலைக்குப் பிடித்து வரப்பட்ட வெளிநாட்டவர்கள் அதில் ஏராளம். திரும்பி வராத அந்த இளைஞர்களின் நினைவு வாலிஸைக் கடைசி வரை விடவில்லை. 1951-ல் அரசு அவருக்கு 10,000 பவுண்டு கொடுத்தபோது அதைத் தன் பழைய பள்ளிக்கே கொடுத்துவிட்டார். பணியில் இறந்த, ஊனமுற்ற விமானப் படையினரின் பிள்ளைகள் அங்கே படிப்பதற்காக. அவருக்கு அந்தப் பள்ளி நல்ல இடமாக இருந்தது. அதை நான் சந்தேகப்படவில்லை.

சரி, லாமின் இரண்டாவது கட்டுரைக்கு வருகிறேன். அதில் லாமின் அத்தை வருகிறார். வயதானவர். வீட்டில் சமைத்த இறைச்சியை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்து, முற்றத்து மூலையில் ஒரு கல்லின்மேல் குந்தி உட்கார்ந்து பாத்திரத்தைத் திறப்பார். பையனுக்கு அத்தைமேல் பாசம். கொண்டுவந்ததைப் பார்த்தும், அவர் உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பார்த்தும் வெட்கம். பங்கு கொடுக்க முடியாத அளவுக்கு மற்ற பையன்கள் நிற்கிறார்களே என்ற சங்கடம். எல்லாவற்றுக்கும் மேலே பசி. கடைசியில் பசிதான் ஜெயிக்கும். விடுதியில் இருந்தவர் நீங்கள், இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இப்போது 1798-ல் கோல்ரிட்ஜ் எழுதிய ஒரு கவிதையைப் பாருங்கள். பனி பெய்யும் இரவு, தொட்டிலில் மகன் தூங்குகிறான். கணப்பில் படபடக்கும் கரிப்படலத்தைப் பார்த்ததும் பள்ளி ஞாபகம் வருகிறது. அப்படிப் படபடத்தால் விருந்தாளி வருவார் என்பது அந்த ஊர் நம்பிக்கை. மறுநாள் வகுப்பில் புத்தகத்தைப் படிப்பதுபோல் பாவனை செய்துகொண்டு, கதவு பாதி திறந்தாலே நெஞ்சு துள்ளப் பார்த்திருப்பானாம். ஊர்க்காரர் யாராவது, இல்லை அத்தை, இல்லை அக்கா வருவாளா என்று. அதைச் சொல்லிவிட்டு, மகனே, நீ என்னைப் போல நகரத்து மடத்துச் சுவர்களுக்குள் வளர மாட்டாய் என்கிறார்.

ஒரே வளாகத்தில் ஒருவனுக்கு அத்தை வந்தார். மற்றவன் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான். இருவருக்கும் ஐம்பது வருட நட்பு. 1834 ஜூலையில் கோல்ரிட்ஜ் இறந்தார், டிசம்பரில் லாம். அந்த நட்பில்தான் எப்போதோ நண்பனின் பள்ளி தன்னுடைய பள்ளி இல்லை என்று லாமுக்குப் புரிந்திருக்க வேண்டும். தன் புகழுரையைத் தானே மறுத்து, நண்பனின் வாயால் தன்னைக் குற்றம் சொல்லி ஒருவர் எழுதியிருக்கிறார் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

நன்றி இல்லாதவர் நீங்கள் இல்லை, க. மேடையில் பேசியவர்கள் பொய் சொன்னதாகவும் நான் நினைக்கவில்லை. உங்கள் வகுப்பில் லாம் மாதிரி ஒருவர் இருந்திருப்பார், வாரம் தவறாமல் வீட்டிலிருந்து தூக்குவாளி வந்தவர். அவருக்கு நீங்கள் எனக்கு எழுதிய இதே கடிதத்தை அனுப்பிப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களைப் பார்க்க யார் வந்தார்கள் என்று கடிதத்தில் இல்லை. முடிந்தால் அதை எழுதுங்கள்.