டீ வடிகட்டியிலிருந்து தொடங்குங்கள்

வீட்டில் பிளாஸ்டிக்கைக் குறைப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், அடுக்களை, குளியலறை, குப்பைக்கூடை சம்பந்தப்பட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

என் அடுக்களை அலமாரி முழுக்க பிளாஸ்டிக் டப்பாக்கள்தான். எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுக் கண்ணாடி ஜாடி வாங்கலாம் என்கிறாள் மகள். ஒரேயடியாக மாற்றிவிடலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

வேண்டாம். நல்ல நிலையில் இருக்கும் முப்பது டப்பாவைத் தூக்கிப் போட்டால் முப்பது டப்பா குப்பை சேரும், கையிலிருந்து காசும் போகும். துவரம்பருப்பு, ரவை, அவல் போன்ற காய்ந்த சாமான்கள் அவற்றிலேயே இருக்கட்டும். கவனிக்க வேண்டியது சூடு, எண்ணெய், புளிப்பு இந்த மூன்றும் பிளாஸ்டிக்கைத் தொடும் இடங்களை. பிளாஸ்டிக்குக்கு வளைவும் நிறமும் உறுதியும் வருவதற்காகச் சேர்க்கிற ரசாயனங்கள், சூடும் எண்ணெயும் பட்டால் வேகமாகக் கசியும்.

அந்தக் கணக்கில் முதலில் போக வேண்டியது டீ வடிகட்டி. யாரும் அதைப் பிளாஸ்டிக் சாமானாகவே நினைப்பதில்லை. தினமும் இரண்டு மூன்று தடவை, கொதிக்கக் கொதிக்க டீ அதன் நைலான் வலை வழியாகத்தான் இறங்குகிறது. பழைய வடிகட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். நடுவில் வலை தொய்ந்து, ஓரத்தில் இழை பிரிந்து, விளிம்பு பழுப்பேறிக் கிடக்கும். பிரிந்த இழை டம்ளருக்குள்தான் போயிருக்கும். எவர்சில்வர் வடிகட்டி பல வருஷம் உழைக்கும். துளை அடைத்துக்கொண்டால், ஒரு டீஸ்பூன் சோடா உப்பு போட்ட கொதிநீரில் பத்து நிமிடம் ஊறவைத்துப் பழைய பல் பிரஷால் தேய்த்தால் போதும்.

அடுத்தது நைலான் தோசைத் திருப்பி. நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் அதன் முனை உருகி மழுங்கும். இரும்புக் கல்லுக்கு இரும்புத் திருப்பிதான் சரி. உள்பக்கம் பிளாஸ்டிக்காக இருக்கும் ஹாட்பாக்ஸில் சுடச்சுட இட்லி வைப்பதை நிறுத்துங்கள். உள்பாத்திரம் எவர்சில்வராக உள்ளதே கிடைக்கிறது. ஊறுகாயில் உப்பு, புளிப்பு, எண்ணெய் எல்லாமே உண்டு. அதற்குப் பீங்கான் ஜாடியோ கண்ணாடியோதான் வேண்டும். இங்கே எவர்சில்வரும் உதவாது. நாள்பட்ட உப்பும் புளிப்பும் அதில் பொட்டுப் பொட்டாகக் குழி விழவைக்கும். பிளாஸ்டிக் காய்வெட்டும் பலகையில் கத்தி போகும் கோடு ஒவ்வொன்றிலிருந்தும் துகள் உதிரும். அரிவாள்மனை இருக்கிற வீட்டில் பலகையே தேவையில்லை.

டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தால் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 1 என்றால் தண்ணீர், குளிர்பான பாட்டில் ரகம். 70 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கும், வெந்நீர் ஊற்றினால் சுருங்கிப்போவது அதனால்தான். அதில் எண்ணெய் ஊற்றி வைக்கிற பழக்கமும் வேண்டாம். 2, 5 கெட்டியானவை, காய்ந்த சாமானுக்கு இருக்கலாம். 3, 6 இரண்டையும் சாப்பாட்டுப் பக்கமே விடாதீர்கள். 7 என்பது ‘மற்றவை’. என்ன வகை என்றே தெரியாது என்பதால் சூடான எதற்கும் ஆகாது. எண்ணே இல்லாத டப்பா ஆணி, பட்டன், துணிக் கிளிப் போட்டு வைக்க. ‘மைக்ரோவேவில் வைக்கலாம்’ என்று அச்சடித்திருந்தால் டப்பா நெளியாது என்றுதான் அர்த்தம். ஒன்றுமே கசியாது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

தினமும் மூன்று பால் பாக்கெட். அதற்கு என்ன செய்ய முடியும்?
– வாசகர், சேலம்

வருஷத்துக்கு 1,095 கவர். பாத்திரத்தில் ஊற்றிக் கொடுக்கும் பால்காரர் பக்கத்தில் இருந்தால் தூக்குவாளிக்கு மாறுங்கள். இல்லையென்றால் கவலை வேண்டாம்: வீட்டுக்குள் வருகிற மெல்லிய பிளாஸ்டிக்கில் பழைய பேப்பர் கடைக்காரர் மதித்து வாங்குகிற வெகு சிலவற்றில் பால் கவரும் ஒன்று. ஒரே வகைப் பிளாஸ்டிக் என்பதால் உருக்கி மறுபடி பயன்படுத்த முடியும்.

வெட்டுவதில்தான் எல்லோரும் தவறு செய்கிறோம். மூலையை முழுசாகக் கத்தரித்தால் நகக்கண் அளவு துண்டு ஒன்று தனியே விழுகிறது. அது சிங்க் துளையில் போய் முடியோடு சேர்ந்து அடைக்கும், அல்லது குப்பையில் கலந்து யார் கைக்கும் கிடைக்காமல் மண்ணுக்குப் போகும். மூலையில் முக்கால் பங்கு மட்டும் வெட்டி, துண்டு கவரோடு ஒட்டித் தொங்கும்படி விடுங்கள். பாலை ஊற்றியதும் கவருக்குள் இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டுக் குலுக்கி அதையும் பால் பாத்திரத்திலேயே சேருங்கள். பிறகு மேல்பக்கத்தை நீளமாகக் கிழித்து, ஒருமுறை அலசி, சிங்குக்கு மேலே டைல்ஸில் ஈரத்தோடு ஒட்டிவிடுங்கள். காய்ந்ததும் தானே விழும். உள்பக்கம் கொழுப்பு ஒட்டியிருந்தால் மறுநாளே புளித்த நாற்றம் எடுக்கும். கட்டி வைத்த மொத்தமும் எறும்பு, கரப்பான் என்று ஆகி, கடைக்காரரும் வேண்டாம் என்று விடுவார். நூறு நூறாக நூலில் கட்டி வைத்தால் எடைபோடச் சுலபம்.

ஹோட்டல் சாம்பாரும் டீயும் கவரில்தான் வருகின்றன. பாத்திரம் கொண்டுபோனால் வண்டியில் கொட்டிவிடுகிறது.
– வாசகர், மதுரை

கொட்டுவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள். விளிம்பு வரை நிரப்புவது, சாம்பாரை மேலடுக்கில் வைப்பது, மூடியின் ரப்பர் வளையம் இறுகிக் கெட்டிப்பட்டுப்போனது. முக்கால் பாத்திரம் மட்டும் ஊற்றச் சொல்லுங்கள். டிபன் கேரியரில் சாம்பார் எப்போதும் கீழடுக்கு, இட்லி மேலடுக்கு, சட்னிக்குத் தனியாக இறுக்க மூடும் சின்ன டப்பா. வளையம் விரலால் அழுத்தினால் அமுங்க வேண்டும், அமுங்காவிட்டால் பாத்திரக் கடையில் அளவு காட்டி வேறு வாங்கிப் போடுங்கள். நான்கு பேருக்கு மூன்றடுக்கு கேரியர் தாராளம். வண்டி கொக்கியில் மாட்டினால் ஆடும். கால் வைக்கும் இடத்தில் துணிப்பைக்குள் நிறுத்துங்கள்.

பொட்டலத்தில் வாழை இலைக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் வைத்தால் வேண்டாம் என்று தயங்காமல் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்ட 14 பொருட்களில், உணவு கட்டும் பிளாஸ்டிக் தாளும் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் உண்டு. ‘பேப்பர் கப்தானே’ என்று நினைப்பவர்களுக்காக: கரக்பூர் ஐஐடி ஆய்வில், 85 முதல் 90 டிகிரி சூட்டில் 100 மில்லி திரவம் அப்படிப்பட்ட கப்பில் 15 நிமிடம் இருந்தபோது சுமார் 25,000 நுண் பிளாஸ்டிக் துகள்கள் கலந்திருந்தன. டீ வாங்கிவர எவர்சில்வர் பிளாஸ்க் எடுத்துப்போங்கள்.

இறைச்சி, மீன் கடைக்கும் இதே வழிதான். மூடியுள்ள பாத்திரத்தைத் தராசில் வைத்து முதலில் ‘ஜீரோ’ போடச் சொல்லுங்கள், பிறகு கறியைப் போடட்டும். அதைச் சொல்ல மறந்தால் பாத்திரத்தின் எடைக்கும் காசு கொடுக்க நேரும்.

துணிக்கடையில் துணி மாதிரியே ஒரு பை தருகிறார்கள். அது துணிதானா?
– வாசகி, வேலூர்

பெரும்பாலும் இல்லை. நெய்யாமல் அழுத்தி ஒட்டிய பாலிப்ராப்பிலீன் என்ற பிளாஸ்டிக் அது. உற்றுப் பார்த்தால் ஊடும் பாவுமாக நூல் ஓடாது, வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளி அழுத்தம்தான் தெரியும். சந்தேகம் தீர ஓரத்திலிருந்து ஒரு நூலளவு எடுத்து இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். இது சுருண்டு உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். இந்தப் பையும் அந்த 14 பொருட்களில் ஒன்று. நாள்பட்டால் மடிப்பில் பொடிப்பொடியாக உதிரும். வண்டிக்குள்ளேயே இரண்டு மஞ்சப்பையை நிரந்தரமாகப் போட்டு வைப்பதுதான், பை மறந்துபோகிற தொல்லைக்கு மருந்து.

கீரை, கொத்தமல்லியைக் கவரில் போடாமல் பிரிட்ஜில் வைத்தால் ஒரே நாளில் வாடிவிடுகிறதே?
– வாசகி, சென்னை

பிரிட்ஜின் வறண்ட காற்று ஈரத்தை உறிஞ்சுவதால் வாடுகிறது. கழுவிய ஈரத்தோடு மூடி வைத்தால் அழுகும். இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். கீரையைக் கழுவாமல், மஞ்சளான இலை, வேர், மண் நீக்கி, பழைய வேட்டித் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து அதில் தளர்வாகச் சுற்றிக் காய்த்தட்டில் வையுங்கள். துணியிலிருந்து ஒரு சொட்டும் விழக் கூடாது. மறுநாள் துணி காய்ந்திருந்தால் லேசாகத் தெளியுங்கள். மூன்று நாள் தாங்கும். கொத்தமல்லியைத் தண்டு மட்டும் மூழ்கும்படி டம்ளர் தண்ணீரில் நிறுத்தி, ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் மாற்றுங்கள். கறிவேப்பிலைக்கு எதிர்ப்பதம்: உருவி, காய்ந்த துணி விரித்த எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடுங்கள். ஈரம் பட்டால் கறுத்துவிடும்.

கடையில் இட்லி மாவைப் பாத்திரத்தில் வாங்கலாமா?
– வாசகி, திருப்பூர்

தாராளமாக. பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், வழியிலேயே பொங்கும். எவர்சில்வர் பாத்திரம் நல்லது. அலுமினியம் மாவின் புளிப்புக்கு ஆகாது.

ஷாம்பு சாஷேயை விட்டுவிட நினைக்கிறோம். சீயக்காய்த் தூள் வீட்டில் அரைத்தால் பூசணம் பிடிக்கிறது.
– வாசகி, திண்டுக்கல்

நால்வர் வீட்டில் வாரம் இரண்டு முறை தலைக்கு ஆளுக்கொரு சாஷே என்றால் வருஷத்துக்கு 416. பலவகைத் தாள்களை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்வதால் எந்தக் கடைக்காரரும் அதை வாங்குவதில்லை. பால் கவருக்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம். விட வேண்டும் என்று நினைத்தது நல்ல முடிவு.

சீயக்காய் 1 கிலோ, பாசிப்பயறு 250 கிராம், வெந்தயம் 100 கிராம், பூலாங்கிழங்கு 100 கிராம், காயவைத்த செம்பருத்தி இலை இரண்டு கைப்பிடி. மூன்று நாள் நல்ல வெயில் வேண்டும். காயை ஒடித்தால் ‘டக்’ என்று முறிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. மில்லில் அரைத்துவந்த தூள் சூடாக இருக்கும். பூசணத்துக்குக் காரணம் பெரும்பாலும் அந்தச் சூட்டோடு டப்பாவில் அடைப்பதுதான், மூடியின் உட்புறம் வியர்த்து நீர் இறங்கும். காகிதத்தில் பரப்பி இரண்டு மணி நேரம் முழுக்க ஆறவிட்டு, மெல்லிய சல்லடையில் சலித்து, எவர்சில்வர் டப்பாவில் போடுங்கள். ஈரக் கையோடு அள்ளாமல் காய்ந்த ஸ்பூன் வையுங்கள். தலைக்கு இரண்டு மேசைக்கரண்டித் தூளை வடித்த கஞ்சியில் குழைத்துப் பத்து நிமிடம் வைத்துத் தேய்த்தால் எண்ணெய்ப் பிசுக்கும் போகும், பொடி முடியில் தங்காது. கண்ணில் பட்டால் எரியும். குழந்தைகளுக்குத் தலையைப் பின்னால் சாய்த்து அலசுங்கள்.

குப்பைக்கூடைக்குக் கவர் போடாமல் எப்படி?
– வாசகர், கோயம்புத்தூர்

கூடை நாறுவதற்குக் காரணம் தேங்கும் தண்ணீர். காய்த்தோலையும் டீத்தூளையும் சிங்க் ஓரத்தில் ஒரு துளைப் பாத்திரத்தில் வடியவிட்டுப் பிறகு கூடையில் போடுங்கள். அடியில் செய்தித்தாள் இரண்டு மடிப்பு. தினமும் கொட்டித் தேங்காய் நாரால் ஒரு தேய். கவரில் கட்டாத ஈரக்குப்பை, அதைப் பிரிக்கிற தூய்மைப் பணியாளருக்கும் பெரிய உதவி. அழுகிய கவரை வெறுங்கையால் பிய்க்க வேண்டியிருக்காது.

இடம் இருந்தால் குப்பையை வீட்டைவிட்டே அனுப்ப வேண்டாம். அடியிலும் பக்கத்திலும் துளையிட்ட மண்தொட்டியில் இரண்டு அங்குலம் சருகோ தென்னை நார்க்கழிவோ போட்டு, ஒரு டம்ளர் புளித்த மோர் தெளியுங்கள். அதன்பின் ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு ஒரு பங்கு சருகு. மூன்று நாளுக்கொருமுறை கிளறுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கை ஈரமாக வேண்டும், சொட்டக் கூடாது. நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், சருகு சேருங்கள். நாளாகியும் அப்படியே கிடந்தால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள். புழுவைக் கண்டு பயப்பட வேண்டாம். மேலே இரண்டு விரற்கடை சருகு மூடுங்கள். மீன்முள், எண்ணெய்ச் சாப்பாடு எலியை அழைக்கும். தொட்டி நிறைந்தபின் 45 முதல் 60 நாளில் மண்வாசனையோடு எருவாகியிருக்கும்.

‘மட்கும் பை’ என்று எழுதிய கவரை அந்தத் தொட்டியிலேயே போடலாமா?
– அதே வாசகர்

போடாதீர்கள். அந்த வகைப் பைகள் பெரும்பாலும் 58 டிகிரி வரை சூடாகும் பெரிய எருக்கூடத்தில் மட்குவதற்காகச் செய்தவை. வீட்டுத் தொட்டியில் அந்தச் சூடு வராது, மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

வெந்நீர் அடுப்பில் ஒன்றிரண்டு கவரைப் போட்டுத் தீ மூட்டுகிறோம். தப்பா?
– வாசகி, தேனி

இன்றோடு நிறுத்திவிடுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் நிற்பவர் முகத்துக்கு நேரே அந்தப் புகை வருகிறது. எந்தக் கவரில் என்ன கலந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. பிவிசி என்ற வகைப் பிளாஸ்டிக் இருந்தால் மூச்சை அரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், டையாக்ஸின் என்ற நச்சு உண்டாகும். டையாக்ஸின் உடம்புக் கொழுப்பில் வருஷக்கணக்கில் தங்கும். மிச்சம் சாம்பலிலும் இருக்கும் என்பதால் அதைப் பாத்திரம் தேய்க்கவோ செடிக்குப் போடவோ கூடாது. தீ மூட்டத் தென்னம்பாளை, தேங்காய் மட்டை, காய்ந்த எலுமிச்சைத் தோல் போதும்.

மூங்கில் பல் பிரஷ் முழுக்க மட்குமா?
– வாசகர், நாகர்கோவில்

பிடி மட்கும். குச்சம் பெரும்பாலும் நைலான். தேய்ந்ததும் குறட்டால் குச்சத்தைப் பிடுங்கி உலர்குப்பையில் போட்டுவிட்டு, பிடியை மட்டும் எருத்தொட்டிக்கு விடுங்கள். குளியலறையில் நீர் தேங்கும் டம்ளரில் நிறுத்தினால் அடியில் கறுத்துப் பூசணம் பிடிக்கும். துளையுள்ள தாங்கியில் வையுங்கள்.