பொலிஸ் சட்டையும் பித்தளைத் தகடும் – கடிதம்

அன்பின் ஐயாவுக்கு,

முதலாம் உலகப்போருக்குப் போன பிரித்தானியப் பொலிஸ்கார அண்ணன் தம்பிமாரைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். நல்ல எழுத்துத்தான், ஆனால் எனக்கு ஒட்டவில்லை. நான் திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவன். பொலிஸ் என்றாலும் ஆமி என்றாலும் எங்கள் அம்மாவுக்கு ஒன்றுதான். இரவில் நாய் குரைத்தால் முதலில் விளக்கை அணைப்பா. இந்த ஊரில் இருந்துகொண்டு சீருடைக்காரருக்காக எப்படி உருகுவது?

இன்னொன்று. என் அப்பப்பாவும் அவரின் தம்பியும் வெள்ளைக்காரன் காலத்துப் பொலிஸ்காரர். ஜப்பான்காரன் குண்டு போட்ட காலத்தில் தம்பி ஆமிக்குப் போய்விட்டாராம். அவர்களின் சாமான் என்று வீட்டில் மிஞ்சியது ஒரு பித்தளைத் தகடு. ஒரு சாண் நீளம், நடுவில் நீளமான வெட்டு. நாங்கள் அதை அடிமட்டமாகப் பாவித்தோம். படம் அனுப்பியிருக்கிறேன். அது என்ன சாமான்?

எஸ்., உப்புவெளி

அன்பின் தம்பி,

சுகமான கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது தெறி மினுக்கும் தகடு. சட்டையின் பித்தளைத் தெறிகளை அந்த வெட்டுக்குள் வரிசையாகத் தள்ளிவிட்டு, மேலே பிராசோ என்ற பித்தளை மினுக்கும் திரவத்தைப் பூசித் தேய்ப்பார்கள். தகடு அடியில் நிற்பதால் துணியில் கறை பிடிக்காது. துறைமுகத்தில் காவலாளியாக இருந்த என் மாமா ஒருவரிடமும் ஒன்று இருந்தது. ஞாயிறு பின்னேரம் திண்ணையில் இருந்து தேய்ப்பார், அந்த மணத்துக்கு எனக்குத் தும்மல் வரும். ஆமிக்காரரும் பொலிஸ்காரரும் இதைப் பாவித்ததால், எந்தச் சகோதரனுடையது என்று படம் பார்த்துச் சொல்ல முடியாது.

இனி உங்கள் கோபம். அந்தக் கட்டுரையில் ஒரு விஷயத்தை விளக்காமல் விட்டது என் பிழை. 1914 ஓகஸ்டில் பிரித்தானியப் பொலிஸில் பலர் பழைய ஆமிக்காரர், யுத்தம் வந்தால் திரும்ப அழைக்கப்படும் ரிசேவ் பட்டியலில் பெயர் உள்ளவர்கள். அழைப்பு வந்தவுடன் பொலிஸ் வேலையை விட்டுவிட்டுப் படைமுகாமுக்குப் போனார்கள். மற்றவர்கள் தாங்களாகவே போய்ச் சேர்ந்தார்கள். கிளாஸ்கோ கொன்ஸ்டபிள் ஜோன் மக்கோலி அப்படிப் போனவர். 1917 நவம்பர் 27 அன்று, பிரான்சில் நடந்த கம்பிரே சண்டையில், காயப்பட்ட தன் கொம்பனி அதிகாரியைச் சூட்டுக்குள்ளால் நெடுந்தூரம் சுமந்து வந்தார். ஷெல் வெடித்து இரண்டு தரம் விழுத்தியது, இரண்டு தரமும் எழும்பி நடந்தார். அதிகாரி பிழைக்கவில்லை. மக்கோலிக்குப் பிரித்தானியாவின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா சிலுவை கொடுத்தார்கள். யுத்தம் முடிய ஆள் பழையபடி கிளாஸ்கோ பொலிஸுக்கே போய் இன்ஸ்பெக்டரானார்.

அங்கே ரோந்து போகும் பொலிஸ்காரன் கையில் இருந்தது பொல்லு. துவக்குத் தூக்க அவன் சட்டை மாற்ற வேண்டியிருந்தது. திரும்பி வந்ததும் துவக்கைக் கொடுத்துவிட்டுப் பழைய சட்டையைப் போட்டான். என்னை இழுத்தது அந்த மாற்றம்தான். அதற்காக வெள்ளைக்காரனுக்கு நற்சான்றிதழ் எழுதவில்லை. தன் வீட்டில் பொல்லுக் கொடுத்தவன், தான் ஆண்ட அயர்லாந்தின் பொலிஸுக்குத் துவக்கைத்தான் கொடுத்தான்.

எங்கள் ஊரில் சட்டை மாற்றவேயில்லை. 1980களில் விசேட அதிரடிப்படையைப் பொலிஸுக்குள்ளேயே உருவாக்கினார்கள். சம்பளம் பொலிஸ் கணக்கில், பயிற்சியும் ஆயுதமும் ஆமிக்காரனுடையது. 2006 ஜனவரி 2ஆம் திகதி உங்கள் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்ட வழக்கில் கூண்டில் நின்றவர்கள் அந்தப் படையினர். 13 பேரும் 2019 யூலையில் விடுவிக்கப்பட்டார்கள். உங்கள் அம்மா சரியாகத்தான் கண்டிருக்கிறா. அவவிடம் போய் அது வேறு இது வேறு என்று விளக்க எனக்கு வாய் வராது.

ஆனால் உங்கள் அப்பப்பா அதற்கு முந்திய ஆள். 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பான் விமானங்கள் வந்தன. கொழும்பில் குண்டு விழுந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. சீனன்குடா விமானத்தளமும் துறைமுகமும் அடி வாங்கின. அன்று துறைமுகத்தில் எரிந்த சகாயிங் கப்பலின் கூட்டை 2018இல்தான் கடற்படை மேலே தூக்கியது. சனம் கரையை விட்டு உள்நாட்டுப் பக்கம் ஓடிய கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஊர் ஓடினால் பொலிஸ்காரனுக்கு வேலை கூடும். பூட்டிய கடை, திறந்து கிடக்கும் வீடு, இரவானால் யார் வீட்டு விளக்கு வெளியே தெரிகிறது என்று பார்ப்பது. அந்த நாளில் விளக்கை அணைக்கச் சொல்லித் தெருத் தெருவாக நடந்த ஆள் உங்கள் அப்பப்பாவாகவும் இருக்கலாம். தம்பிக்காரர் எந்தப் பிரிவுக்குப் போனார் என்று நீங்கள் எழுதவில்லை. கரையோரப் பீரங்கிப் படை என்றால் திருமலையிலேயே நின்றிருக்கலாம். கூலி வேலை, கட்டுமான வேலை செய்த பயனியர் படை என்றால் எகிப்து வரை போயிருக்கலாம்.

அவர்களுக்காக நீங்கள் உருக வேண்டாம். அப்பப்பா தெருவால் வரும்போது சனம் வாசலில் நின்று கதைத்ததா, உள்ளே போய்க் கதவைச் சாத்தியதா? இதைச் சொல்லக்கூடிய கிழவர் கிழவி யாராவது மிஞ்சியிருந்தால் இந்தக் கிழமையே போய்க் கேளுங்கள்.

தகட்டைப் பழப்புளி போட்டு நன்றாகத் தேய்த்து, வெயிலில் சரித்துப் பிடித்துப் பாருங்கள். ஆமிக்காரர் தங்கள் சேவை இலக்கத்தைச் சாமான்களில் குத்தி வைப்பது வழக்கம். ஏதும் இலக்கம் தெரிந்தால், மறக்காமல் எனக்கு எழுதுங்கள்.